ஐந்தாம் அறையில் பேசிய தமிழ்

அழுவதற்குச் சம்பளம் கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நவமணி வாய்விட்டுச் சிரித்திருப்பாள். ஐம்பது வயதுவரை அவள் அழுததெல்லாம் சும்மா அழுததுதான்.

மலாய் மண்ணில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாகான் டாலாமில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. பக்கத்து ஊரான பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து, கம்பெனி ஆள்குறைப்புச் செய்த வருஷம்வரை மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தே காலம் தள்ளியவள். கம்பெனி பஸ்ஸில் மலாய்க்காரப் பெண்களோடும் சீனப் பெண்களோடும் போய் வந்ததில் மலாய் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. இங்கிலீஷ் மட்டும் மேற்பார்வையாளரிடம் பேசும் அளவுக்கு. புருஷன் அர்ஜுனன் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினான். பிள்ளை இல்லை. இருவருக்கும் அது ஒரு குறையாக இருந்து, பிறகு பழகிப்போய், கடைசியில் பேச்சிலேயே வராமல் போயிற்று.

அர்ஜுனனைச் சீனி நோய் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் கால் விரல், அப்புறம் பாதம், அப்புறம் சிறுநீரகம். நவமணி ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்தே சில வருஷங்களைக் கழித்தாள். எந்த டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசுவார், எந்த டாக்டர் பேப்பரைப் பார்த்துப் பேசுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவன் போன அன்று காலையில் ஏதோ ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்திருந்தார்கள். அது சரியாக வந்தால் வார்டு மாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் ஒரு பயிற்சி டாக்டர் வெளியே வந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தூக்கம் இல்லாத கண். கையில் இருந்த பேப்பரைப் பார்த்தபடியே, "ஐ'ம் சாரி ஆன்ட்டி, ஹி பாஸ்ட்," என்றான். அந்த 'சாரி'யை நவமணி கவனிக்கவில்லை. பாஸ் என்பதுதான் காதில் விழுந்தது. பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டார் என்று நினைத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, "தேங்க் யூ டாக்டர், தேங்க் யூ," என்று கைகூப்பினாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். பின்னால் வந்த ஒரு மலாய்க்காரத் தாதிதான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மலாயில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "அக்கா, உங்க புருஷன் இப்ப இல்லை," என்றாள்.

அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. புருஷன் செத்த செய்தி கேட்டுச் சிரித்தவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை. "அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை," என்பாள். "சொல்லிக் குடுத்திருந்தா சொல்லியிருப்பான்."

அதனால்தான், தீவில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நோயாளி வேஷம் போட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னபோது, அவள் கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளே ஃபெரி ஏறிவிட்டாள்.

வேலை இதுதான். மாணவர்கள் நிஜ நோயாளியிடம் போவதற்கு முன் பேசிப் பழக வேண்டும். நவமணி ஒரு நாள் வயிற்றுவலிக்காரி, ஒரு நாள் குடிகாரனின் மனைவி, இன்னொரு நாள் மார்பில் கட்டியை மறைத்து வைத்திருப்பவள். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அழ வேண்டும் என்றால் அழுவாள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, இவளுக்கு மட்டும் சொன்ன இடத்தில் கண்ணீர் தானாக வரும். "எங்கருந்துக்கா வருது?" என்று சக நடிகர்கள் கேட்டால், "டேங்க்கு நிறைய இருக்குலா," என்பாள்.

அந்தக் கல்லூரியில் மாணவர் சேர்க்கையைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்து வம்சம். கொள்ளுத்தாத்தா காலத்தில் ரயில்வே குமாஸ்தாவாக வந்த குடும்பம், இப்போது வீட்டுக்கு வீடு டாக்டரும் வக்கீலும். அவர் தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்பதுபோல இருக்கும். கண்டிப்பானவர். ஆனால் அவர் மனசில் ஒரு முள் இருந்தது. வருஷாவருஷம் தன்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளே உள்ளே வருகிறார்கள் என்பதுதான் அது. பழைய நேர்காணலில், "மருத்துவமனையில் எங்கே தொண்டூழியம் செய்தாய்? டாக்டர் வேலை எப்படி இருக்கும் என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்பார்கள். அப்பா டாக்டராக இருக்கும் பிள்ளை பதில் சொல்லும். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் பிள்ளை என்ன சொல்லும்?

பல வருஷம் முட்டி மோதி அவர் இரண்டு காரியம் சாதித்தார். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் நான்கு இடம். அப்புறம், நேர்காணலையே மாற்றினார். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலை. மணி அடித்தால் அடுத்த அறை. வெளியே கதவில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்துவிட்டு உள்ளே போக வேண்டும். யார் மகன், எந்தப் பள்ளி என்று கேட்க ஆளே இல்லை.

நடிகர்களைக் கூப்பிட்டு வைத்து அவர் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே சொல். ஒரே கண்ணீர். ஒரு பிள்ளைக்கு நீங்க ஒரு சொல் கூடுதலாச் சொன்னா, மத்த பிள்ளைக்கு அது அநியாயம். விளங்குதா?"

நவமணிக்கு நன்றாக விளங்கியது. பிடித்தும் இருந்தது. தொழிற்சாலையில் அவள் பார்த்த வேலையும் அதுதானே. குறை பார்க்க எந்தத் தட்டு வந்தாலும் ஒரே கண்.

அவளுக்கு ஐந்தாம் அறை கொடுத்தார்கள். கதை சின்னது. பக்கத்து வீட்டு அம்மா ஊருக்குப் போகும்போது தன் நாயைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளை கேட்டைச் சாத்த மறந்துவிடுகிறது. நாய் ரோட்டுக்கு ஓடி, வேகமாக வந்த காடி மோதிச் செத்துவிடுகிறது. அந்த அம்மா திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். படிப்பு இங்கிலீஷில் என்பதால் எல்லாம் இங்கிலீஷில். நவமணிக்கு மொத்தம் மூன்று வசனம். "ஹலோ, ஹவ் இஸ் மை ஜிம்மி?" என்பது முதலாவது. "யூ ப்ராமிஸ்ட் மீ" என்பது அழும்போது. மூன்றாவது, "வாட் டூ ஐ டூ நவ்?"

நேர்காணல் நாளில் காலையிலிருந்து ஜிம்மி செத்துக்கொண்டே இருந்தது. மூலையில் ஒரு விரிவுரையாளர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு கேமரா. முதலில் வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல இருந்தார்கள். நாற்காலியைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டு உட்கார்ந்தார்கள். குரலைத் தாழ்த்தினார்கள். "உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது" என்ற வாக்கியம் இங்கிலீஷில் அச்சுப் பிசகாமல் வந்தது. டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளும் விரல்கூட ஒரே விரல். இதற்கென்றே ஜார்ஜ் டவுனில் வகுப்பு நடக்கிறது என்று ஓய்வு நேரத்தில் இன்னொரு நடிகை சொன்னாள். சனி ஞாயிறில் நாய் சாகிற கதை, பூனை சாகிற கதை எல்லாம் போட்டுப் பழக்குகிறார்களாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். கறுப்புப் பாவாடை, யாரோ கொடுத்த கோட்டு. கை நீளம் விரலை மூடியது. "குட் ஆஃப்டர்நூன், மை நேம் இஸ் காமினி, ஃப்ரம் தாசேக் கெலுகோர்," என்று அறை வாசலிலேயே சொன்னாள். தாசேக் கெலுகோர் என்றதும் நவமணியின் காது விடைத்தது. அவள் பிறந்ததும் அந்தப் பக்கத்து ரப்பர்க் காட்டில்தான்.

"ஹலோ, ஹவ் இஸ் மை ஜிம்மி?"

அந்தப் பெண் சாய்வாக உட்காரவில்லை. நேராக எதிரில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, ஜிம்மி இஸ் டெட். இட் இஸ் மை ஃபால்ட்," என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

நவமணி காத்திருந்தாள். அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் நவமணியின் முகத்தை விட்டு அகலவில்லை. மூலையில் பேனா உரசும் சத்தம் கேட்டது. பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கின பிள்ளையாக இருக்கும், தமிழ்ப்பள்ளியில் படித்து, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிவம் ஆறுவரை ஏறி வந்திருக்கும், இப்போது ஒரு நாயைச் சாகடிக்க வார்த்தை கிடைக்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறதே என்று நவமணி நினைத்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவில், புரியாத வார்த்தைக்குச் சிரித்துக்கொண்டு நின்ற தன்னையே எதிரில் பார்ப்பதுபோல இருந்தது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாய் வந்திருக்காது.

"தமிழ்லயே சொல்லும்மா," என்றாள்.

காமினி திடுக்கிட்டாள். மூலையில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை நிமிர்ந்தது; தடுக்கவில்லை. அப்புறம் அவள் பேசினாள்.

"ஜிம்மி செத்துப்போச்சு ஆன்ட்டி. நான்தான் கேட்டைச் சாத்தாம வந்துட்டேன். ஓடிப்போய்ப் பாத்தேன், தூக்கினேன், அப்பவே உயிர் இல்லை. ரொம்ப நேரம் கிடந்து கஷ்டப்படலை. நீங்க என்னை நம்பி விட்டுட்டுப் போனீங்க. மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை. திட்டணும்னா திட்டுங்க. நான் எந்திரிச்சுப் போகமாட்டேன், இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

நவமணி அழுதாள். அது அந்த நாளின் கண்ணீர் இல்லை; அர்ஜுனனுக்குப் பாக்கி வைத்திருந்த கண்ணீர். மீதி வசனம் இரண்டையும் மறந்துபோனாள். மணி அடித்தது. காமினி எழுந்து, அவள் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து ஒரு மலாய்க்காரப் பையன். ஹைக்கல் என்று பெயர் சொன்னான். தெலுக் பகாங் பக்கம் மீன்பிடிக் குடும்பம். வெயிலில் கறுத்த கழுத்து, வெள்ளைச் சட்டை. கதவுக்கு வெளியே தாளை வாசித்துக்கொண்டு நின்றவன் காதில் உள்ளே பேசிய தமிழ் விழுந்திருக்கிறது.

"ஹலோ, ஹவ் இஸ் மை ஜிம்மி?"

"ஆன்ட்டி... ஜிம்மி... டை ஆல்ரெடி," என்றான். அவனுக்கே அது சரியில்லை என்று தெரிந்தது. காது சிவந்தது. இங்கிலீஷில் இன்னொரு வார்த்தை தேடினான், கிடைக்கவில்லை. மெல்ல, மரியாதையாக, மலாயில் அத்தை முறை சொல்லிக் கேட்டான். "மக்சிக், நான் மலாயில் சொல்லலாமா?"

சரி என்று சொல்ல அவள் நாக்கு நுனியில் மலாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் மூலையில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. பயம் வந்தது. இன்னொரு தரம் தப்புச் செய்யக்கூடாது என்று தோன்றியது.

"யூ ப்ராமிஸ்ட் மீ," என்றாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மணி அடிக்கும்வரை, "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி," என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் புகார் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, அங்கே நின்ற அலுவலரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டான். எனக்கு முன்னால் போனவர் அவர் மொழியில் பேசினாரே, நானும் பேசியிருக்கலாமா, எனக்கு விதி தெரியாமல் போயிற்றா என்று. கோபமே இல்லாமல் கேட்டானாம். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்தது. கேமராவில் பதிந்ததைப் போட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் துஷ்யந்தி நவமணியைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"ஏன் அக்கா?" என்றார்.

"அந்தப் புள்ளை வாய் அடைச்சுப்போய் உக்காந்திருந்துச்சு டாக்டர். மனசு கேக்கலை."

"அந்தப் பையனும் அப்படித்தானே இருந்தான்?"

அந்த ஒரு வாரமும் நவமணி படுக்கையில் புரண்டதே அதற்குத்தான். மலாய் தெரியாதவளா அவள்? அர்ஜுனன் செத்ததை அவளுக்குப் புரியும்படி சொன்ன மொழியே மலாய்தான். தன் ஊர்ப் பிள்ளை என்றதும் இளகிய மனசு, அந்தப் பையன் கேட்டபோது ஏன் கல்லாய்ப் போனது?

"அவன் கேட்டான் டாக்டர். கேட்டுமே நான் குடுக்கலை," என்றாள் கடைசியில். "ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடுங்களேன். நான் வேணாம், வேற ஆளை உக்கார வைங்க."

"கேட்டுப் பார்த்தேன். கமிட்டி ஒத்துக்கொள்ளேல்லை. ரெண்டு பேருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பினம் எண்டு சொல்லிப்போட்டினம்." கோபமோ துக்கமோ வந்தால் அவர் வாயில் வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். "காமினியோட அஞ்சாம் ரூம் மார்க்கு செல்லாது. மத்த ரூம் எல்லாத்திலும் அவள் நல்லாச் செஞ்சிருக்கிறாள். இந்த ஒண்டு இல்லாததால கட்டணமில்லாத நாலு இடத்துக்குக் கீழ போயிட்டாள். ஹைக்கலுக்கு வந்த மார்க்கு வந்ததுதான். அவனுக்கும் இல்லை."

"அப்ப அந்த நாலாவது இடம்?"

"இஸ்ஸதி எண்டொரு பிள்ளைக்கு. தகப்பன் டாக்சி ஓட்டுறார். டவுன்ல படிச்ச பிள்ளை, இங்கிலீஷ் நல்லா வரும். அவளும் கஷ்டப்பட்டவள்தான், அக்கா. அவள் மேல ஒரு பிழையும் இல்லை."

அதுதான் நவமணிக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். யாரும் கிடைக்கவில்லை. விதியை எழுதியவர் நல்லவர். இடம் வாங்கியவள் நல்லவள். கேள்வி கேட்ட பையன் கேட்டது நியாயம். மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

இனி வேலைக்கு வர வேண்டாம் என்று டாக்டர் துஷ்யந்தி வாய்விட்டுச் சொல்லவில்லை. லிஃப்ட்வரை கூட வந்து, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ," என்றார். நவமணிக்கு அதுவே போதுமாக இருந்தது.

காமினியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. போகக்கூடாது என்றும் தோன்றியது. தாசேக் கெலுகோரில் இருந்த ஒரு தூரத்துச் சொந்தத்திடம் விசாரித்ததில் வீடு சுலபமாகக் கிடைத்தது. அந்த ஊரில் முழுப் புள்ளி வாங்கிய பிள்ளையை யாருக்குத் தெரியாது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள்.

செம்பனைக் காட்டை ஒட்டிய மலிவு விலை வீட்டு வரிசையில் கடைசி வீடு. காமினியின் அப்பா சுப்பையா வாசலில் உட்கார்ந்து குலை வெட்டும் அரிவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். காலேஜில் இருந்து வருகிறேன் என்று நவமணி சொன்னதும் மனிதர் அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ரிசல்ட்டு மாறிருச்சாங்க?" என்றார். முகம் அப்படி மலர்ந்தது. "உக்காருங்க, உக்காருங்க. ஏ புள்ள, காமினி! காலேஜ்லருந்து வந்திருக்காங்க பாரு! மைலோ கலக்கு!"

"இல்லைண்ணே, அதுக்கு வரலை," என்று நவமணி சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே போய் மின்விசிறியைத் திருப்பி அவள் பக்கம் வைத்துவிட்டார். முகம் தொங்கிப்போனது கொஞ்ச நேரம் கழித்துத்தான். அப்போதும், "பரவால்ல, வந்ததே பெருசு," என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

காமினி மைலோவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அதே மாதிரி, நேராக.

"அம்மாடி, நான் உன்னைக் கெடுத்துட்டேன்," என்றாள் நவமணி. "நீ வாய் அடைச்சுப்போய் இருந்தியா, பாக்கப் பொறுக்கலை. அதான் வாய் தவறி..."

"நான் வாய் அடைச்சுப்போகலை ஆன்ட்டி."

நவமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிய நிக்கும்போதே இங்கிலீஷ்ல எல்லாம் கோத்து வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ஜிம்மி செத்துப்போச்சு, என் தப்புன்னு சொன்னேன். சொன்னதும் உங்க முகம் மாறுச்சு. உடனே அடுத்ததைச் சொல்லக்கூடாதுன்னு தோணுச்சு. கேட்டவங்க கேட்டு முடிக்கணும்ல? அதான் பேசாம இருந்தேன். அடுத்த வரியை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப நான் தமிழ்ல சொல்லுன்னப்ப..."

"நீங்க காலேஜ் ஆளு. நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? அதுவும் ஒரு டெஸ்ட்டு போலன்னு நினைச்சேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எங்க ஊர்ப் பேரைக் கேட்டதும் இவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நினைச்சிட்டீங்க இல்லையா? ஸ்கூல்ல, டியூஷன்ல, எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நீங்களும் நினைப்பீங்கன்னு நான் நினைக்கலை. நீங்க பேசாம இருந்திருந்தா நானே சொல்லி முடிச்சிருப்பேன் ஆன்ட்டி."

கொல்லையில் சாணைச் சத்தம் மறுபடி கேட்டது. நவமணி மைலோவைக் குடித்தாள், குடிக்காமல் போனால் அந்த மனிதர் மனசு இன்னும் நோகுமே என்று. மன்னித்துவிடு என்று கேட்டாள். காமினி தலையை ஆட்டினாள். அது சரி என்பதா வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கேட்டதற்கு, கடல் கடந்த சபா மாநிலத்தில் தாவர அறிவியல் கிடைத்திருக்கிறதாம். போகப்போகிறாளாம். "அடுத்த வருஷம் மறுபடி போட்டுப் பாரேம்மா," என்றதற்கு, "தம்பி இருக்கான் ஆன்ட்டி, அவனும் படிக்கணும். இன்னொரு வருஷம் நான் சும்மா உக்காந்திருக்க முடியாது," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நவமணி ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் செம்பனை. அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்ததே, அந்த மௌனத்தைத்தான் தன் புருஷன் செத்த அன்று அவள் ஒரு டாக்டரிடம் எதிர்பார்த்தாள். எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கே அது அடையாளம் தெரியவில்லை. பயிற்சி வகுப்புப் பிள்ளைகளின் ஓட்டத்தையே காலையிலிருந்து பார்த்துப் பார்த்து, நிற்பவர்கள் எல்லாரும் தெரியாமல் நிற்கிறார்கள் என்று அவள் கண்ணும் பழகிப்போயிருந்தது.

ஹைக்கலிடம் தனக்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவள் டாக்டர் துஷ்யந்திக்குப் போன் செய்தாள். அவனை மறு வருஷம் வரச் சொல்ல டாக்டரே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவன் அம்மாதான் எடுத்தாராம். பையன் படகில் போகிறான், கரைக்கு வந்தால் சொல்கிறேன் என்றாராம். அவன் திரும்பக் கூப்பிடவில்லை.

நவமணி இப்போது செபராங் ஜெயாவில் ஒரு வீட்டில், பக்கவாதம் வந்து படுத்த ஒரு சீனத்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது. அந்த அம்மாவுக்குப் பேச்சு வராது. நவமணி அவசரப்படுத்துவதில்லை. கஞ்சி ஆறிப்போனாலும் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாம் அறைக்கு அவளுக்குப் பதிலாகப் போனது பாகான் டாலாமிலேயே பக்கத்துத் தெருவில் இருக்கும் ஹபீபா பீவி. அவளும் ஒரு காலத்தில் அதே தொழிற்சாலைதான். மறு வருஷ நேர்காணல் முடிந்த வாரம், பசாரில் மீன் கடையில் வைத்து நவமணியைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நவமணிக்கா, இப்ப ஒரே மாத்தம்லா! ஒரு ரூம்ல மட்டும் எந்தப் பாஷையில வேணும்னாலும் பேசலாம். மலாய், தமிழ், சீனம், எது வேணும்னாலும். பாஷைக்குப் பாஷை ஆளு போட்டு வச்சிருக்காங்க."

"நெசமாவா?" நவமணி கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டாள். டாக்டர் துஷ்யந்தி விடவில்லை என்று தெரிந்தது.

"நெசமாத்தான். ஆனா சீட்டு நாலு இருந்துச்சுல்ல, ரெண்டாக் கொறைச்சிட்டாங்களாம். காலேஜ்ல பணம் இல்லையாம். அப்புறம் என்னான்னு சொல்லு, அந்த கிளாஸ் நடத்துறவங்க இப்ப மலாய்லயும் சொல்லிக் குடுக்குறாங்களாம்! வந்த புள்ளைங்க எல்லாம் மலாய்லயே அச்சடிச்ச மாதிரி ஆறுதல் சொல்லுதுங்க. டிஷ்யூவைத் தள்ளுதுங்க."

மீன்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நவமணிக்கு அது காதில் விழவில்லை.

"ஹைக்கல்னு ஒரு பையன் வந்தானா ஹபீபா? கறுத்த பையன். தெலுக் பகாங்."

"யாருக்குத் தெரியும்? பேரே சொல்லக்கூடாதுக்கா இப்ப. ஊரும் சொல்லக்கூடாது. பேரும் ஊரும் தெரிஞ்சா நாம எளகிப்போயிருவோமாம். சட்டையில நம்பர் குத்தி அனுப்புறாங்க."

ஹபீபா பீவி இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நவமணி ஒரு கிலோ கெம்போங் மீன் எடைபோடச் சொன்னாள். வெட்டிக் கொடுக்கட்டுமா என்று மீன்காரர் மலாயில் கேட்க, வேண்டாம், நானே வெட்டிக்கொள்கிறேன் என்று மலாயிலேயே சொல்லிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.